ஏலம் போட்டுப் படித்த பாடம்

காலை வேளையில் கட்டுமாவடிக் கடற்கரையில் நின்று மீன் ஏலம் கேட்டிருக்கிறீர்களா? கூறு கட்டி வைத்த மீனைச் சுற்றிக் கூட்டம் நெருக்க, ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். என்னுடைய நாலாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் அவரைப் போலவே குரல் காட்டுவதில் மகா சமர்த்தன். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவன் ஆரம்பித்தால் பள்ளிக்கூடமே சிரிக்கும். ஆனால் அதே பையன் கையில் பாடப் புத்தகத்தைக் கொடுத்தால், "க... ட... ல்..." என்று தொடங்கி வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள், அதன் ஆரம்பம் அவனுக்கு மறந்து போயிருக்கும்.

இது நடந்தது 2022-ஆம் வருஷத்தில். கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. முதல் வகுப்பு முடியுமுன் வீட்டுக்குப் போன பிள்ளைகள் மூன்றாம் வகுப்பின் நடுவில் திரும்பி வந்தார்கள். 2022 ஜூனில் அரசாங்கம் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. ஆட்டமும் பாட்டுமாகக் கற்பிக்கும் நல்ல திட்டந்தான். ஆயினும் அவ்வருஷம் அது மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. நம்முடைய ஏலக்காரரோ நாலாம் வகுப்பு!

"சார், இவனுக்குப் படிப்பு ஏறல. அஞ்சாவது முடியட்டும், வலைக்கு வந்துரட்டும்" என்று அவன் தகப்பனார் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் உண்டாகியிராது.

உண்மையில் பிழை என்னுடையது. பிள்ளைகளை வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது என் வழக்கம். ஒருவன் திணறுவான், முப்பது பேர் சிரிப்பார்கள். தன் முறை நெருங்கும்போதெல்லாம் நம் பையனுக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும்.

எனக்குப் புத்தி சொன்னவர் அவனுடைய பாட்டி. 1991, 92-ஆம் வருஷங்களில் புதுக்கோட்டை ஜில்லாவில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொள்ளும்படி ஊக்கமளித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். இந்தப் பாட்டியும் அவர்களில் ஒருவர். "காலப் பாத்து மிதிச்சா விழுந்துருவோம் சார். கால் தானா மிதிக்கணும், கண்ணு ரோட்டப் பாக்கணும்" என்றார்.

லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரமும் ஏறக்குறைய இதுவேதான்! எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிட்டால், பொருளை அறிய ஒன்றும் மிஞ்சாது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே இதற்கு மருந்து என்று சாமுவேல்ஸ் 1979-ல் எழுதினார். நம் தமிழில் சிரமம் இன்னும் ஒரு படி அதிகம். 'கொ' என்பதில் கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ககரம். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது குழந்தையின் கண்ணுக்குச் சொல்லாகவா தெரியும்? கூட்ஸ் வண்டியாக அல்லவா தெரியும்!

மருந்து சரி, ஒன்பது வயதுப் பையனை ஒரே வரியைப் பத்துத் தரம் வாசிக்க வைப்பது எப்படி? ஏலம் போட்டுத்தான்.

அட்டைகளில் சூடை, காரல், திருக்கை, கணவாய் என்று மீன் பெயர்களை எழுதினேன். வேறு அட்டைகளில் 'பெரிய', 'வலையில் விழுந்த', 'விடியற்காலையில்' போன்ற சொற்கள். ஏலம் கேட்கிறவன் விலையைக் கூட்டுவதற்குப் பதில் ஓர் அட்டையைக் கூட்ட வேண்டும். கூட்டிய பின் முழு வரியையும் வாசிக்க வேண்டும். 'திருக்கை' என்பது 'பெரிய திருக்கை' ஆகும். பிறகு 'வலையில் விழுந்த பெரிய திருக்கை' ஆகும். ஏலம் விடுகிறவன் ஒவ்வொரு 'தரத்'துக்கும் அந்த வரியை வாசித்தாக வேண்டும். அந்த உத்தியோகத்தை யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

முதல் நாள் ஆட்டம் படுதோல்வி. கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் மீன் முழுவதையும் அள்ளிக்கொண்டார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் சட்டத்தை மாற்றினேன். இருவர் இருவராகத்தான் கேட்கலாம். இருவரும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டால் கேள்வி செல்லாது. வேகமாக ஓடுகிற பிள்ளை நிதானித்தது. தயங்குகிற பிள்ளை அதன் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

இதை என் கண்டுபிடிப்பு என்று நான் பெருமையடித்துக்கொள்ள முடியாது. சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் பழைய வழக்கம். பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அநாதைப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்த்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று.

ஏலம் சலித்தபோது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாடகம் வாசித்தோம். சிங்கத்தின் கர்ஜனை சரியாக அமையவில்லை என்று பிள்ளைகளே மறுபடி வாசிக்கக் கேட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் சிலர் ஏட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார்கள்! அன்றிலிருந்து தினம் வேஷத்தை மாற்றிவிட்டேன். நிமிஷத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரம் வைத்து அளக்கும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவாகப் பிரியமில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறானா என்பதே என் கவலை. எல்லாருக்கும் இந்த ஆட்டம் பலித்தது என்றும் சொல்வதற்கில்லை. ஒரு சிறுமிக்கு எந்த ஆட்டமும் பயன்படவில்லை. கடைசியில் அவளுக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி என்று தெரிந்தது.

அவ்வருஷம் டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்புக் கடற்கரையில் ஒட்டியிருந்தது. நான் போனபோது நம் பையன் அதை வாசித்துக்கொண்டிருந்தான். 'எச்சரிக்கை' என்ற இடத்தில் தடுக்கி, வரியின் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி வாசித்தான். தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தரம் படி" என்றார்.

பையன் படித்தான். மூன்றாம் தரம் படிக்கையில் பக்கத்துப் படகுக்காரரும் வந்து நின்றுகொண்டார்.