ஒரே பைக்குள் மூன்று வானிலை, தெரியுமா?

ஜனவரி மாதம். திருவனந்தபுரத்தில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. அதே இரவில், அதே மாவட்டத்தில், கம்பளிக்குள் சுருண்டு பல் தந்தியடிக்கப் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? அவர்கள் அன்று காலை புறப்பட்ட இடம் போனக்காடு!

நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம், ஓய்ந்துபோன தொழிற்சாலை, தமிழ் காதில் விழும் தொழிலாளர் லயங்கள். அதைத் தாண்டினால் அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறும் பாதை. வேறெந்த மலையும் அல்ல, நம் பொதிகைதான்! உயரம் 1,868 மீட்டர்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் 31 டிகிரி என்றால் உச்சியில் 19! அதுவும் பகலில். புல்வெளியில் அடிக்கிற காற்று அதிலும் பாதியைத் தின்றுவிட்டது போலத் தோன்றும்.

அந்த உச்சியிலேயே ஒருவர் ஆய்வுக்கூடம் கட்டினார், தெரியுமா? சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராகப் பிற்பாடு வந்தவர், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன். 1855-ல் இதே அகத்தியர்கூட உச்சியில் இன்னொரு நிலையம் அமைத்தார். நாம் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கவே மூச்சு வாங்கும் பாதையில் வெப்பமானியும் அழுத்தமானியும் பத்திரமாக மேலே போயிருக்கின்றன! அந்தச் சுமையைத் தூக்கிய தோள்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, நம் பைக்கு வருவோம். பருத்திதான் நம் ஊருக்கு ஏற்ற துணி என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த மலையில் அதே பருத்தி நம்மைக் காட்டிக்கொடுக்கும்! வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் ஒட்டிக் கிடக்கும். மாலைக் குளிர் வந்ததும் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும். நடக்க, சீக்கிரம் காயும் மெல்லிய செயற்கை இழைச் சட்டை. இரவுக்கு, பையின் அடியில் நனையாமல் வைத்த ஒரு முழுச் செட்டு, கம்பளி உறை, குல்லா. அந்த உலர்ந்த செட்டை நடையில் தொடவே கூடாது. என்ன மழை வந்தாலும்!

மழையா, ஜனவரியிலா? தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மலை இது. அவை ஓய்ந்த இடைவெளியில், ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்குத்தான் கேரள வனத்துறை இந்த யாத்திரைக்குப் பாதையைத் திறக்கிறது. அப்போதும் உச்சியில் மேகம் எப்போது கவியும் என்று சொல்ல முடியாது. ஒரு தூறல் போதும், சருகுக்கடியிலிருந்து அட்டைகள் எழுந்து நிற்கும். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் வைத்தே அவை நம்மைக் கண்டுபிடிக்கின்றன, தெரியுமா? கடித்த இடத்தில் இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளையும் செலுத்திவிடும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்கமாக நெய்த துணிக் காலுறையும் ஒரு பிடி உப்பும் போதும்.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை 14, 15 கிலோமீட்டர். வழியில் முட்டிடிச்சான்தேரி என்றொரு ஏற்றம். தூத்துக்குடிக்காரர்களுக்குத் தேரி என்றால் செம்மணல் மேடு. இங்கே செங்குத்துச் சரிவு. பையில் கூடுதலாகத் திணித்த ஒவ்வொரு பொருளும் அங்கே பேசும்! மறுநாள் உச்சிப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பெண்களும் ஏறலாம்: 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டது, அந்தத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் முதல் பெண் உச்சியைத் தொட்டார்.

ஆனால் இந்த மலையில் நடப்பதில் மன்னர்கள் இங்குள்ள பழங்குடிகளான காணிக்காரர்கள்தான்! 1987-ல் விஞ்ஞானிகள் குழுவுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், கறுத்த சிறு காய்களை மென்றபடி களைப்பே இல்லாமல் நடந்தார்கள். மூச்சிரைத்த விஞ்ஞானிகள் வாங்கித் தின்றார்கள், தெம்பு வந்தது. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. உரிமத்தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிகழ்வு இது. அதற்காக நீங்கள் வழியில் எதையும் பறித்து வாயில் போடாதீர்கள்!

சோதனைச் சாவடியில் உங்கள் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது, புகையிலைக்கு இடமில்லை. முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள். இந்த மலையின் கிழக்கே இறங்கும் தாமிரபரணியைத்தான் நெல்லை குடிக்கிறது; மேற்கே இறங்கும் கரமனையாற்றைத்தான் பேப்பாறை அணையில் தேக்கித் திருவனந்தபுரம் குடிக்கிறது. கொண்டுபோன ஒவ்வொன்றையும் அதே பையில் கீழே கொண்டுவாருங்கள்.