இத்தாலிக்காரருக்கு இட்லி!

"இந்தாப்பா, அடுத்த வாரம் இத்தாலியிலேர்ந்து ஒரு இன்ஜினீயர் வர்றார். பத்து நாள் இருப்பார். அவர் சாப்பாட்டுக்கு நீதான் பொறுப்பு!" என்றார் மேனேஜர்.

நான் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் கிளார்க். பில் போடுவேன். லாரி அனுப்புவேன். டீ வரவில்லை என்றால் கேன்டீனுக்குப் போன் போடுவேன். இத்தாலியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மில்லில் கோனில் நூல் சுற்றுகிற மெஷின் அங்கிருந்து வந்தது. அது அப்போது மூன்று வாரமாக மக்கர்.

"சார், எனக்கு எதுக்கு சார்..." என்று இழுத்தேன்.

"அவர் வயிறு கெட்டா மெஷின் நிக்கும். மெஷின் நின்னா உன் இன்க்ரிமென்ட் நிக்கும். புரியுதா?"

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

வந்தார். ஐம்பது வயசு, நரைத்த மீசை, சிரித்த முகம். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுமே நொண்டும். அதனால் முதல் நாளே நல்ல சிநேகம் ஆகிவிட்டது.

முதல் நாள் மதியம் அவரை நான்கு வழிச் சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஏ.சி. உண்டு. கண்ணாடிக் கதவு உண்டு. வாசலில் சலாம் போட ஒரு ஆள் உண்டு. மெனு கார்டு எங்கள் மில்லின் சம்பள ரிஜிஸ்டர் கனம். தோசை, நூடுல்ஸ், பீட்ஸா, பட்டர் நான் எல்லாவற்றுக்கும் கலர் போட்டோ. அவர் ஊர்க்காரர் ஆச்சே என்று பீட்ஸா சொன்னேன். வந்தது. பார்த்தார். ஒரு துண்டு கடித்தார். தண்ணீர் குடித்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க தினம் இங்கேயா சாப்பிடுவீங்க?"

"சேச்சே! இல்லை சார்."

"அப்புறம் என்னை ஏன் இங்கே கூட்டிட்டு வந்தீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பில்லைப் பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது.

இத்தாலி பாடம்

திரும்பி வரும்போது ஜீப்பில் பாடம் நடந்தது. இத்தாலிக்கு வருஷம் முழுக்க டூரிஸ்ட் கூட்டம். ரோம், வெனிஸ், ஃப்ளோரன்ஸ் என்று எங்கே பார்த்தாலும் ஏமாந்து சாப்பிட்டுவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டாம். ஏமாறாமல் இருக்க அந்த ஊர்க்காரர்கள் சில அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: மெனு கார்டில் கலர் போட்டோவும் ஆறு பாஷையும் இருந்தால் நடையைக் கட்டு. நல்ல கடையில் அன்றைக்கு என்ன சமைத்தார்களோ, அதைக் கரும்பலகையில் நாலு வரி எழுதிப் போட்டிருப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இரண்டு: வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறானா? உள்ளே போகாதே. நல்ல சாப்பாடு போடுகிறவனுக்கு அடுப்படியில்தான் வேலை.

மூன்று: கோபுரமோ கோட்டையோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சாப்பிடாதே. நாலு தெரு தள்ளி, ஆபீஸ் போகிறவர்கள் சாப்பிடுகிற இடமாகப் பார்.

நான்கு: காபியை நின்றுகொண்டே குடி. அங்கே பல ஊர்களில் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு விலை. வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்துக் கடைகளில் உட்கார்ந்தால், எதிரே பாண்டு வாசிக்கிறார்களே, அதைக் காதில் வாங்கினதற்கும் சேர்த்துப் பில் போடுவார்களாம்!

"எங்க ஊர்ல மேளத்துக்கே பேர் பெத்தவங்க இருக்காங்க சார். டீக்கடை வாசல்ல அடிச்சாலும் டீக்குத் தனி விலை கிடையாது" என்றேன். வாடிப்பட்டி மேளம் என்றால் தென்மாவட்டம் பூராவும் தெரியுமே! அடுத்த கோயில் விசேஷத்துக்குப் போய் அவரும் ஆடினார். அது தனிக் கதை.

ஐந்து: ஐஸ்கிரீம் மலை மாதிரி குவிந்து, பச்சையும் மஞ்சளும் பளபளவென்று இருந்தால் சாயம் என்று அர்த்தம். நல்ல பிஸ்தா ஐஸ்கிரீம் மங்கலான பச்சையாகத்தான் இருக்குமாம்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. இதில் எதுவும் நமக்குப் புதுசு இல்லை. வெளியூர் ஆள் வந்தால் மட்டும் நாம் மறந்துபோகிற சமாச்சாரங்கள்!

மதுரையில் ஒரு ஞாயிறு

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஆரப்பாளையத்தில் இறங்கினோம். மில் ஜீப் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சிம்மக்கல்லில் கறி தோசை. தடிமனாக ஊற்றிய தோசை மேல் முட்டை, அதன் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எடுத்தால் பாதி தோசை, பாதி அடை. கோனார் மெஸ் போன்ற கடைகளுக்கு இதுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. இத்தாலிக்காரர் முதல் வாயிலேயே கண்ணீர் விட்டார். காரமா, சந்தோஷமா தெரியவில்லை. இரண்டாவது தோசை சொன்னபோதுதான் தெரிந்தது.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி, குடித்தால் உள்ளுக்குள் குளிரும் என்று விளக்கினேன். பிசினைக் கரண்டியில் எடுத்துப் பார்த்து, "இது மரத்திலிருந்து வடிகிற கோந்துதானே?" என்றார்.

"ஆமா சார், கோந்தேதான்!"

ஒரு நிமிஷம் யோசித்தார். ஐஸ்கிரீமின் நிறத்தைப் பார்த்தார். பழுப்பு. தன் ஐந்தாவது விதிப்படி பாஸ் போட்டுவிட்டுக் குடித்தார்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, அரிசி மாவு கலந்து காய்ச்சி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் போட்டது. மனுஷர் அசந்துபோனார். "முப்பது வருஷமா பருத்தி மெஷினோட மல்லாடறேன். பருத்தியைக் குடிக்கலாம்னு ஒருத்தனும் சொல்லலையே!"

ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவோரத்தில் ஆவி பறக்கிற இட்லிக் கொப்பரைகளைக் காட்டினேன். இன்று நேற்றுப் பழக்கமா இது? பகலில் நாளங்காடி, ராத்திரியில் அல்லங்காடி என்று இரண்டு வேளையும் கடை நடந்த ஊர் இது என்று சங்க காலத்து மதுரைக்காஞ்சியே சொல்கிறது. தூங்கா நகரம் என்று சும்மாவா பேர் வந்தது!

சாப்பிட்டு முடித்ததும் சோழவந்தான் வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் பக்கத்து ஊர் இலை. அவர் அதைக் கீரை என்று நினைத்து மென்று விழுங்கிவிட்டார். மறுநாள் மெஷின் பக்கத்தில் தெம்பாகவே நின்றார். அதனால் இன்க்ரிமென்டுக்கு ஆபத்து இல்லை.

ஒரு கேள்வி

திங்கட்கிழமை கேட்டார்: "மதுரை சரி. உங்க சொந்த ஊர்ல நல்ல கடை எது?"

"வீட்ல சாப்பிடுவேன் சார்."

"அம்மா ஊருக்குப் போயிட்டா?"

சட்டென்று ஒரு கடை ஞாபகம் வந்தது. வாடிப்பட்டியில் பழைய ரோட்டு மேல், ஓட்டுச் சாய்ப்பில் ஓர் இட்லிக் கடை. போர்டு கிடையாது. 'அப்பத்தா கடை' என்றால் எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மில்லில் சேர்ந்த எட்டு வருஷமாக அந்த வாசல் வழியாகத்தான் பைக்கில் போகிறேன், வருகிறேன். ஒரு நாள்கூட இறங்கினது இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனோம்.

விறகடுப்பு. துணி விரித்து ஊற்றுகிற இட்லி. தேங்காய்ச் சட்னி, மிளகாய்ச் சட்னி, தண்ணியாக ஒரு சாம்பார், குழிப் பணியாரம். அவ்வளவுதான். மெனு கார்டு கிடையாது, போட்டோ கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது. இத்தாலிக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எல்லா விதியும் பாஸ்!

அப்பத்தா என்னை உற்றுப் பார்த்தது.

"ஏப்பா, நீ வாத்தியார் மகன்தானே? ஒங்கப்பா செத்ததுக்கப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலியேய்யா!"

எனக்குச் சுருக்கென்றது. "வேலை அப்பத்தா..." என்று முனகினேன்.

"சரி சரி, உக்காரு. தொரைக்குக் காரம் ஆகாதே, சீனி வைக்கவா?"

தொரை சீனியைத் தள்ளிவிட்டு மிளகாய்ச் சட்னியைத் தொட்டார். ஏழு இட்லி. நான் எண்ணினேன். கடைசியில் ஒரு சிறுமலை வாழைப்பழம். கடையில் எங்களைத் தவிர இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

"முன்னெல்லாம் உக்கார எடம் இருக்காதே அப்பத்தா?" என்று கேட்டேன்.

"அது அந்தக் காலம். மதுர பஸ்ஸு, திண்டுக்கல் பஸ்ஸு எல்லாம் இந்தா, இந்த வாசல்ல நின்னு போச்சு. டிரைவரு கண்டக்டரு எறங்கித் தின்பாக. நாலு வழி ரோடு போட்டாக. தூரத்து வண்டியெல்லாம் ஊருக்கு வெளியிலேயே பறந்துருது. எனக்கும் முட்டி வலி. தையோட மூடிரலாம்னு இருக்கேன்."

இதை நொண்டி இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார்.

மிலானிலிருந்து நேபிள்ஸ் வரைக்கும் 'சூரியச் சாலை' என்று ஒரு பெரிய சாலை. 1956-ல் ஆரம்பித்து 1964-ல் முடித்தார்கள். 1959-லேயே அதன் குறுக்கே பாலம் மாதிரி ஹோட்டல் கட்டிவிட்டார்கள். கீழே கார் ஓடும், மேலே மக்கள் சாப்பிடுவார்கள். நாடே வேடிக்கை பார்த்ததாம். அவர் தாத்தா பழைய ரோட்டில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வண்டிகள் புது ரோட்டுக்குப் போயின. இரண்டு வருஷத்தில் கடையைப் பூட்டினார்.

"ரோட்டைத் திட்டி என்ன பண்றது? ரோடு வேணும்தான். ஆனா எங்க ஊர்க்காரங்களும் தாத்தா கடையில சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. மூடின அன்னிக்கு எல்லாரும் வந்து அழுதாங்க" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். 1986-ல் ரோம் நகரத்தின் நட்ட நடுவில் ஓர் அமெரிக்க பர்கர் கடை வந்தபோது, கார்லோ பெட்ரினி என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம். நத்தைதான் அதன் சின்னம். "உள்ளூர்ச் சாப்பாட்டை உள்ளூர்க்காரன் சாப்பிட்டாத்தான் அது உயிரோட இருக்கும். டூரிஸ்ட் வந்து ஒரு நாள் காப்பாத்துவான். மத்த 364 நாள்?"

அப்பத்தா என்னிடம், "என்னடா சொல்றாரு தொரை?" என்றது.

"இட்லி நல்லாருக்காம்" என்றேன். வேறெதையும் சொல்ல வாய் வரவில்லை.

திண்டுக்கல் தலப்பாக்கட்டியை நினைத்துக்கொண்டேன். 1957-ல் ஒரே ஊரில் ஒரே கடையாகத்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு வெளிநாட்டிலும் கிளை. எல்லாக் கடைக்கும் அந்த அதிர்ஷ்டம் வராது. வரவும் வேண்டாம். காலையில் இருபது பேர் வந்தால் அப்பத்தா கடைக்குப் போதும்.

பிறகு நடந்தது

இத்தாலிக்காரர் மெஷினைச் சரி பண்ணிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். நான் மில்லில் ஆறு பேரைச் சேர்த்தேன். எல்லாரும் என்னை மாதிரிதான். காலையில் அவசரமாக பிஸ்கட்டை டீயில் முக்கிவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள். அப்பத்தா கடையில் மாதக் கணக்கு ஆரம்பித்தோம். ஆறு பேர் பதினொரு பேர் ஆனோம். மாவாட்ட அப்பத்தா தன் பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டது. தை வந்தது, போனது. கடை மூடவில்லை. முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கையில் இத்தாலியிலிருந்து வந்த ஈ-மெயில்.

"என்னய்யா இது? மெஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு வரிதான் கேட்டிருக்கார். பாட்டி எப்படி இருக்காங்க, கடை இருக்கா, சட்னி அதே காரமான்னு பத்து வரி! எந்த ஹோட்டல்யா அது? நமக்குத் தெரியாம?"

மறுநாள் காலை அவரையும் அழைத்துப் போனேன். பெஞ்சு நிறைந்திருந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். அப்பத்தா தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"செத்த நில்லுங்க தம்பி. முன்னால வந்தவுகளுக்குப் போட்டுட்டுத்தான்!"

எனக்கு இன்க்ரிமென்டே கிடைத்த மாதிரி இருந்தது!