பல்லும் பற்றுச்சீட்டும்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியோரம் நடந்தால் பல் வைத்திய நிலையங்களின் பலகைகள் கண்ணில் படும். ஊரையும் வயலையும் விட்டு வந்து இப்பகுதியில் நாட்கூலிக்கு வாழும் எமது குடும்பங்களுக்கு அந்தப் பலகையைக் கண்டதும் காசுப் பயம்தான் முதலில் வருகிறது. சூத்தைப் பல்லில் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறோம். வலி பொறுக்க முடியாத இரவுக்கு அடுத்த நாள் போகிறோம். அந்த நேரத்தில் விலை கேட்கும் தெம்பு யாருக்கு இருக்கும்?

ஊரில் நாம் பழகிய கணக்கு வேறு. உரத்துக்கும் அரிசிக்கும் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொள்வார், நெல் வெட்டியதும் கொடுத்துத் தீர்ப்போம். நகரத்துப் பல் வைத்தியருக்கு அறுவடை மாதம் இல்லை. வாடகையும் உதவியாளரின் சம்பளமும் மாதந்தோறும் வந்து நிற்கும். பல் அடைக்கும் பொருட்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது அவற்றின் விலையும் ஏறியது. ஆகவே அவர் காசு கேட்பதில் குற்றமில்லை. எவ்வளவு, எதற்கு, எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

சிட்டையில் என்னென்ன வரும் என்று பார்ப்போம். வாயைப் பார்ப்பதற்கு ஒரு தொகை. எக்ஸ்ரே எடுத்தால் அதற்கு வேறு. பல் அடைப்பதற்கு ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் கணக்கு. பல் பிடுங்குவது பெரும்பாலும் ஒரே நாளில் முடியும் வேலை. தொல்லை வருவது வேர்ச் சிகிச்சையில்தான். இதற்குப் பல தடவை போகவேண்டி வரலாம். முதல் நாளில் வேரைத் துப்புரவாக்கி, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். வலி நின்றுவிடும். "சுகம்தானே, மிச்சக் காசு சேரட்டும்" என்று நாம் நின்றுவிடுகிறோம். தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்ததும் கிருமி மறுபடி உள்ளே போகும். கடைசியில் பல்லும் போய்விடும், கொடுத்த காசும் போய்விடும். உதாரணத்துக்கு முழு வேலைக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 8,000 ரூபாயைக் கட்டிவிட்டு இடையில் நின்றவருக்கு மிஞ்சுவது பல் பிடுங்கும் செலவு. முழுத் தொகைக்கும் வழி தெரியாவிட்டால் அதை வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிடுங்குவதா, வேரைக் காப்பாற்றுவதா என்று அப்போதே முடிவெடுக்கலாம்.

பல்லுக்கு மேல் உறை போடுவதென்றால் முற்பணம் கேட்பார்கள். வைத்தியர் அளவு எடுத்து, உறை செய்யும் வேறொரு இடத்துக்கு அனுப்பி, அங்கே காசு கட்டவேண்டியிருப்பதே அதற்குக் காரணம். முற்பணம் கொடுக்கலாம், பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்கவேண்டாம். மொத்தத் தொகை, கட்டியது, மிச்சம், அடுத்த தவணை நாள், எந்தப் பல் என்ற ஐந்தும் அதில் இருக்கவேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எமது பிள்ளைகளிலும் சிலர் இப்படியான நிலையங்களின் மேசையில் இருந்து பெயர் பதிந்து காசு வாங்குகிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். கதிரையில் இருந்து எழுந்து, வாய் மரத்து நிற்பவரிடம் தொகையைச் சொல்வதைவிட, கதிரையில் ஏறுமுன் சொன்னால் காசும் நிலுவையின்றி வரும், மனத்தாங்கலும் இராது. சனிக்கிழமை கூலி எடுப்பவருக்கு செவ்வாய்க்கிழமை தவணை வைத்துப் பயனில்லை. நிலுவை வைத்தவரை மற்ற நோயாளிகள் முன்னால் பெயர் சொல்லிக் கேட்டால் அவர் திரும்பி வரமாட்டார். காசும் வராது, அரைகுறைப் பல்லும் பழுதாகும்.

காசு எவ்வளவு சிறியதானாலும் வாசலில் ஆளை மறிக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே சாட்சி உண்டு. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வருகிறவர்களின் தொகை குறைந்தது. 1977 இல் அந்த 25 சதத்தையும் எடுத்துவிட்டார்கள்.

தனியார் நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படவேண்டியவை. பல் வைத்தியரும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவராக இருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பது தவறல்ல.

இவ்வளவும் தனியாரிடம் போவோருக்கு. கிருலப்பனையில் 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி லிப்டன் சுற்றுவட்டத்தில் இறங்கினால் வோட் பிளேஸ் தொடங்கும். அந்த வீதியில்தான் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை ஆகையால் பல் பிடுங்கவும் அடைக்கவும் சிட்டை வராது. காத்திருக்க ஒரு நாள் கூலி போகலாம், அதையும் கணக்கில் சேருங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்லாமல் போகலாம். நியூசிலாந்தில் 1921 இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, அந்நாட்டு உதவியோடு 1950களில் மஹரகமையில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பயிற்சி ஆரம்பமானது. அங்கே பயின்றவர்கள் பல பாடசாலைகளின் சிகிச்சை நிலையங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் அடைக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலைக்கு உரிய நிலையம் எது என்று அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் காசு சேரும்வரை காத்திருக்கவேண்டாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தேசிய பல் வைத்தியசாலைக்கு நேரே போங்கள்.