கோழிக்குக் கொடுக்கும் மருந்தும் நமது அமானிதமும்

 

மட்டக்குளியில் ஒரு ஜும்ஆவின் பின்னர் இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார்: "மௌலவி, வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறேன். இரண்டு மூன்று கோழிகள் சோர்ந்து நிற்கின்றன. தம்பிக்குக் கொடுத்து மிஞ்சிய அன்டிபயோட்டிக் மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து எல்லாக் கோழிகளுக்கும் கொடுக்கலாமா?" அவரது எண்ணம் இரக்கமே. ஆயினும், வேண்டாம் என்றே கூறினேன். அதன் காரணத்தை நாம் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

அன்டிபயோட்டிக் மருந்து பக்டீரியாக் கிருமிகளை அழிக்கின்றது. அளவு குறைந்தாலோ, தேவையின்றிக் கொடுக்கப்பட்டாலோ பலவீனமான கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கக் கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. அத்தாங்கும் ஆற்றலை அவை ஏனைய கிருமிகளுக்கும் வழங்குகின்றன. பின்னர் இறைச்சி, எரு, நீர், வளர்ப்போரின் கைகள் வழியே மனிதரை வந்தடைகின்றன. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டிலேயே இவ்வாபத்தை எச்சரித்திருந்தார். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றுக்களால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மரணித்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நோயற்ற பிராணிகள் விரைவாகக் கொழுப்பதற்கென்றே தீவனத்தில் இம்மருந்துகளைக் கலக்கும் வழக்கமும் உண்டு. சுவீடன் அதனை 1986இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதலாம் திகதி முற்றாக நிறுத்தியது. ஏனைய மருந்துகள் பலனளிக்காதபோது மனிதருக்குக் கொடுக்கப்படும் கொலிஸ்டின் எனும் மருந்தை, உணவுக்கான பிராணிகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2019இல் தடை செய்தது. நமது நாட்டிலும் மனித சுகாதாரத்தையும் கால்நடைத் துறையையும் இணைத்து 2017இல் தேசியத் திட்டமொன்று வகுக்கப்பட்டது.

நோயுற்ற பிராணிக்கு மருந்தே கூடாதென்பது இதன் பொருளன்று. வாயில்லா ஜீவனை வேதனையில் விடுவதும் தவறே. கால்நடை வைத்தியர் பரிசோதித்து, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய நாட்களுக்குக் கொடுக்க வேண்டும். மருந்தின் எச்சம் உடலிலிருந்து நீங்குவதற்கென அவர் குறிப்பிடும் நாட்கள் கழியும்வரை அப்பிராணியின் இறைச்சியையோ, பாலையோ, முட்டையையோ விற்கலாகாது. அதனை மறைத்து விற்பவர், பொருளின் குறையை மறைத்து விற்பவரே ஆவார். சுத்தமான கூடு, போதிய இடம், உரிய தடுப்பூசி ஆகியவை மருந்தின் தேவையையே பெரிதும் குறைத்துவிடும்.

பெற்றோர்களே! பச்சை இறைச்சியைத் தொட்ட கைகளையும் கத்தியையும் பலகையையும் நன்கு கழுவுங்கள்; இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். வெப்பம் கிருமியை அழிக்கும். ஆனால் மருந்தின் எச்சம் முழுவதையும் நீக்கிவிடும் என எண்ணிவிடாதீர்கள்.

நாம் ஹலாலைத் தேடுகிறோம். அல்குர்ஆன் ஹலாலுடன் தய்யிபையும், அதாவது தூய்மையையும் நன்மையையும், இணைத்தே கூறுகின்றது. அறுக்கும் முறை சரியா எனக் கேட்கும் நாம், வளர்த்த முறை சரியா எனவும் கேட்போமாக. இன்று கோழிக்கூட்டில் வீணாக்கும் மருந்து, நாளை நமது பிள்ளையின் நோய்ப்படுக்கையில் பயனற்றுப் போகலாம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.