ஒரே நீளம், இரு வேறு படகுகள்

கான்டெஸ்ஸா 26, ஜே/24 ஆகிய இரண்டும் பழைய படகுச் சந்தையில் அடிக்கடி விலைக்கு வரும் சிறிய பாய்மரப் படகுகள். நீர்மட்டத்தில் அளந்தால் இரண்டின் நீளத்துக்கும் ஓரடிதான் வித்தியாசம். கடலுக்குள் இறங்கும் ஆழம் இரண்டுக்கும் 1.22 மீட்டர். நீளத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே இனம் என்றுதான் தோன்றும். எடை போட்டுப் பார்த்தால் கதை வேறு. கான்டெஸ்ஸா ஏறத்தாழ 2,450 கிலோ, ஜே/24 சுமார் 1,400 கிலோ. அகலத்தில் நிலைமை தலைகீழ்: கனமான கான்டெஸ்ஸா 2.29 மீட்டர், லேசான ஜே/24 2.71 மீட்டர். எந்தப் படகு யாருக்கு என்பதை இந்த எடையும் அகலமுமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

கான்டெஸ்ஸா 26 இங்கிலாந்தின் லிமிங்டனில் 1960களின் நடுவில் பிறந்தது. டேவிட் சாட்லர் வரைய, ஜெரமி ராஜர்ஸ் கட்டினார். ஸ்காண்டிநேவியாவின் ஃபோக்போட் படகுதான் இதற்கு முன்மாதிரி. அதைப் போலவே படகின் அடியில் நீண்டு ஓடும் ஏராவும் அதன் பின்முனையில் பொருந்திய சுக்கானும் இதற்கு உண்டு. ஜே/24 அமெரிக்கப் படகு. கனெக்டிகட் மாநிலத்தில் ராட் ஜான்ஸ்டோன் தம் வீட்டுக் கராஜில் ‘ராக்டைம்’ என்ற படகைக் கட்டிப் போட்டிகளில் வென்றார். அதே வடிவம் 1977 முதல் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. இதுவரை 5,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. இதன் ஏரா மீனின் துடுப்பைப் போலக் குறுகலானது. சுக்கான் தனியே பின்புறம் தொங்குகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை இயற்பியல் முதலில் இரண்டையும் சமமாகவே நடத்துகிறது. ஓடும் படகு தன்னைச் சுற்றி ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, முகடு முன்பக்கமும் அடுத்த முகடு பின்பக்கமுமாகப் படகைத் தன் பள்ளத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 6 மீட்டர் நீர்மட்ட நீளத்துக்கு இந்த வேக எல்லை 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். கனமான படகு அந்தப் பள்ளத்திலிருந்து எளிதில் ஏறி வெளியே வர முடியாது. லேசான ஜே/24 பலத்த பின்காற்றில் தன் அலை மீதே ஏறிச் சறுக்கத் தொடங்கிவிடும். மெல்லிய காற்றிலும் அதுவே முதலில் நகரும். எல்லா ஜே/24 படகுகளும் ஒரே வடிவில் கட்டப்பட்டவை என்பதால் போட்டியில் நேர ஈடு எதுவும் கிடையாது. முதலில் கோட்டைத் தாண்டியவர் வென்றவர். 1979 முதல் இவற்றுக்கு உலகப் போட்டி உண்டு. போட்டிதான் நோக்கம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். வழக்கமாக ஐந்து பேர் ஓட்டும் படகு என்பதால், வாரந்தோறும் வரக்கூடிய நான்கு நண்பர்களை மட்டும் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆழ்கடலில் கணக்கு மாறுகிறது. 1979 ஆகஸ்டில் பாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கி 15 போட்டியாளர்கள் இறந்தனர். அதன் பின் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து, கவிழும் ஆபத்தை மதிப்பிட ஓர் எளிய சூத்திரம் வந்தது. படகு விலக்கும் கடல்நீரின் கன அளவைக் கன அடியில் எடுத்து அதன் கனமூலத்தைக் காண வேண்டும்; படகின் அகலத்தை அடியில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். விடை 2-க்கு மேல் போனால் அந்தப் படகு பெருங்கடலுக்கு ஏற்றதல்ல. கான்டெஸ்ஸாவுக்கு வரும் விடை சுமார் 1.7, ஜே/24-க்குச் சுமார் 2.45. அகலமான லேசான படகு கவிழ்ந்துவிட்டால், தலைகீழாகவும் நிலையாகவே மிதக்கும் என்பதுதான் ஆபத்து. அடிப்பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் புறக்கணிக்க முடியாது.

ஜே/24-ல் இன்னொரு பலவீனமும் இருந்தது. ஓட்டுநர்கள் உட்காரும் பலகைக்கு அடியில் சாமான் அறைகள் உண்டு. பலூன் போன்ற முன்பாயை விரித்து ஓடும்போது பெருங்காற்று தள்ளினால் படகு பக்கவாட்டில் படுத்துவிடும். அறையின் மூடி தாழிடப்படாமல் இருந்தால் அப்போது திறந்துகொண்டு கடல் உள்ளே பாயும். சில படகுகள் இப்படியே மூழ்கின. இந்தப் படகை வாங்குபவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது அந்தத் தாழ்ப்பாளைத்தான்.

நீண்ட பயணத்துக்குக் கான்டெஸ்ஸா பொருத்தமானது என்பதற்குச் சாட்சி டானியா ஏபி. 18 வயதில், 1985 மே மாதம் நியூயார்க்கிலிருந்து ‘வருணா’ என்ற கான்டெஸ்ஸா 26-ல் கிளம்பியவர், பசிபிக், இலங்கை, செங்கடல் வழியாக உலகைச் சுற்றி 1987 நவம்பரில் திரும்பினார். நீண்ட ஏரா படகைத் திசை மாறாமல் பிடித்து வைப்பதால், காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் கருவியிடம் ஓட்டத்தை ஒப்படைத்துவிட்டு மாலுமி தூங்கலாம். ஜே/24-ன் சுக்கானை ஒருவர் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். சுமையும் ஒரு காரணம். குடிநீர், உணவு, நங்கூரம், கருவிகள் எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்றால், கான்டெஸ்ஸாவின் எடையில் அது பத்தில் ஒரு பங்கு. ஜே/24-ன் எடையிலோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. லேசாக இருப்பதுதான் அதன் பலம். சாமான் ஏற்றினால் அதுவே போய்விடும்.

கான்டெஸ்ஸாவிலும் சௌகரியக் குறைகள் உண்டு. பக்கங்கள் தாழ்வானவை என்பதால் எதிர்க்காற்றில் மேல்தளம் நனைந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தில் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு.

படகிலேயே குடியிருக்க விரும்புபவருக்கு இரண்டுமே நெருக்கடிதான். ஜே/24-ன் கேபினில் உட்கார மட்டுமே உயரம் உண்டு. கான்டெஸ்ஸாவில் ஒருவர் வாழலாம்; இருவர் என்றால் மிகுந்த பொறுமை வேண்டும். துறைமுகத்திலேயே ஆண்டு முழுதும் தங்க நினைக்கும் தம்பதிக்கு, 9 மீட்டர் நீளமும் நிமிர்ந்து நிற்க இடமும் உள்ள கேட்டலினா 30 போன்ற அகலமான படகே ஏற்றது.

இரண்டும் பழைய படகாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஜே/24-ன் ஃபைபர் ஓட்டுக்குள் பால்சா மரம் வைத்திருப்பார்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஈரம் ஏறி உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். கான்டெஸ்ஸாவின் உடல் முழுக்கக் கெட்டியான ஃபைபர் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. அதில் பார்க்க வேண்டியவை உள்ளே இருக்கும் டீசல் எஞ்சினும் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தளத்தோடு சேரும் இடங்களும்.