உங்களுக்குத் தெரியுமா? டெக்சாஸின் உச்சியில் இர்விங் முத்திரை!

இர்விங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சமவெளிதான். மலையேற ஆசைப்படும் நம்மூர்த் தம்பதிகள் பலரும் கொலராடோவுக்கு விமானம் பிடிக்கிறார்கள். காரிலேயே மேற்கே சுமார் 850 கி.மீ. போனால் குவாடலூப் மலைகள் தேசியப் பூங்கா இருக்கிறது. மாநிலத்திலேயே உயரமான குவாடலூப் சிகரம் (2,667 மீட்டர்) அங்கேதான். நம் தொட்டபெட்டாவை விட 30 மீட்டர் அதிகம்!

இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் பஞ்சுயிரிகளும் பாசிகளும் சேர்ந்து கட்டிய கடல்திட்டு இது. அவற்றின் புதைபடிவங்களைப் பாறைகளில் இன்றும் காணலாம், எடுத்துவரக் கூடாது.

உச்சியில் பளபளக்கும் எஃகுப் பிரமிடு ஒன்று நிற்கிறது. அந்த வழியே ஓடிய பட்டர்ஃபீல்டு அஞ்சல் வண்டியின் நூற்றாண்டு நினைவாக 1958-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவியது. அதன் ஒரு பக்கத்தில் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் சின்னம் இருக்கிறது. அந்த இயக்கத்தின் தலைமையகம் 1979 முதல் இருப்பது இர்விங்கில்!

சிகரத்துக்கு நடந்து போய்வர 13.5 கி.மீ.; ஏற்றம் மட்டும் 900 மீட்டருக்கு மேல். ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு நான்கு லிட்டராவது சுமந்து செல்லுங்கள். பூங்காவின் கடிகாரம் இர்விங்கை விட ஒரு மணி நேரம் பின்தங்கியது; அதைக் கணக்கில் கொண்டு விடியலிலேயே ஏறத் தொடங்கிவிடுங்கள்.