ஆய்வுகூடத்தில் காபெனிசிலின்

மருத்துவமனைகளில் அரிதாகிவிட்ட போதிலும், ஆய்வுகூடங்களில் இன்றும் பயன்படும் மருந்தொன்று காபெனிசிலின். பூஞ்சணம் தரும் பெனிசிலினின் மூலக்கருவோடு வேறொரு பக்கச் சங்கிலியை இணைத்து ஆக்கப்பட்ட இதனை, 1967இல் இங்கிலாந்தின் பீச்சம் நிறுவன ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தனர்.

நேயர்களே, பற்றீரியாவினுள் புதியதொரு பரம்பரையலகைப் புகுத்தும் ஆய்வாளர், பெனிசிலினை எதிர்க்கும் பரம்பரையலகொன்றையும் உடன் சேர்த்தே புகுத்துவர். பின்னர் மருந்து கலந்த ஏகார்க் கூழில் அவற்றை வளர்ப்பர். புதியதை ஏற்றவை பிழைக்கும். ஏனையவை தமது புறச்சுவரைக் கட்ட இயலாது மாயும்.

ஆயின், இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிழைத்தவை வெளிவிடும் நொதியம் சுற்றிலுமுள்ள மருந்தையும் சிதைத்துவிடும். அம்பிசிலின் இவ்வாறு விரைவில் அழிவதால், புதிய பரம்பரையலகைப் பெறாத பற்றீரியாக்களும் அருகே சிறு திட்டுகளாய் முளைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் பல நாள் உழைப்பு வீணாகும். காபெனிசிலினோ அந்நொதியத்தால் அத்துணை விரைவில் அழிவதில்லை. எனவே, விலை கூடியதாயினும், மெய்யையும் போலியையும் தெளிவாகப் பிரித்தறிய வேண்டிய ஆய்வாளர் இதனையே நாடுகின்றனர்.